பாலிசி பார்க்க வந்தவர்கள்

அக்காவுக்கு இரண்டு ஊர்களில் இடம் கிடைத்திருந்தது. இரண்டுமே 'பப்ளிக் பாலிசி' மேல்படிப்பு. டெல்லியில் ஒரே வருஷம், முழுக்கக் கணக்கும் பொருளாதாரமும், பெரிய பேர். பெங்களூரில் இரண்டு வருஷம். அதில் பாதி நாள் ஏதாவது அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் எழுதாவிட்டால் இரண்டுமே போய்விடும். பத்தாவதில் இரண்டு முறை கோட்டைவிட்ட என்னிடம் அவள் யோசனை கேட்கவில்லை. நானாகவே கொடுத்தேன்.

"டெல்லிக்கே போக்கா. அதான் தூரம். வூடு நிம்மதியா இருக்கும்."

இதற்குள் அம்மா மீன் வாங்கப் போன இடத்தில், "எம் பொண்ணு பாலிசி படிக்கப் போறா" என்று சொல்லிவிட்டாள். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குத் தெரிந்த பாலிசி இன்சூரன்ஸ் மட்டும்தான். வியாழக்கிழமை காலையில் எதிர்வீட்டு மாமா மஞ்சப்பையோடு வந்துவிட்டார்.

"பாப்பா, இந்தப் பாலிசி முடிஞ்சிச்சா, இன்னும் ஓடிகினு கீதா, பாத்துச் சொல்லு."

"மாமா, நான் படிக்கப் போறது இது இல்ல. அரசாங்கம் எப்படி முடிவு எடுக்குதுன்னு படிக்கிறது."

"அதுக்கு இன்னாத்துக்கு படிப்பு? அவங்க படிச்சிட்டா எடுக்குறாங்க?"

நான் வாசலுக்குப் போய், "பாலிசி பாக்குறவங்கல்லாம் வரிசைல வாங்க!" என்று கத்தினேன். மதியத்துக்குள் ஐந்து பேர்.

கடைசியாக வந்தவர் தெருமுனையில் இட்லி விற்கும் அக்கா. அவர் கொண்டுவந்தது இன்சூரன்ஸ் இல்லை. வீட்டுப் பட்டாவுக்குக் கொடுத்த மனுவுக்கு வந்த பதில். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அதே வரியோடு இது மூன்றாவது கடிதமாம்.

"பரிசீலனைன்னா இன்னாம்மா?"

"இன்னும் பாத்துக்கினு இருக்காங்கன்னு அர்த்தம்க்கா."

"யாரு பாக்குறா? எந்த மேசைல கீது? சொல்லு, அந்த ஆளாண்ட நானே போய்க் கேட்டுக்குறேன்."

என் அக்கா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள். "தெரியலக்கா" என்றாள்.

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவள். கிண்டலடிக்க இதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. ஆனால் நான் போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் மதியம் பெங்களூர் என்றாள்.

"டெல்லில கணக்குப் பாத்து திட்டம் எப்படி போடணும்னு சொல்லித் தருவாங்கடா. அது எந்த மேசைல மாட்டிக்குதுன்னு பெங்களூர்லதான் பாக்க முடியும்."

"அந்த ஊரு மேசைல நம்ம தெரு பேப்பர் எப்டி இருக்கும்?"

"மேசை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். கம்முனு குந்து."

பெங்களூருக்குச் சரி என்று இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிட்டாள். டெல்லிக்கு எழுத அரை மணி நேரம். எழுதி முடித்த பிறகும் விரல் போன்மேல் அப்படியே நின்றது. இன்னொரு முறை கேட்டால் அங்கே இடம் கொடுக்க மாட்டார்கள்.

"இன்னாக்கா எழுதிக்கீற?"

"வரலன்னு."

"அதுக்கு ஏழு வரியா?"

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடே அனுப்பினாள். அப்புறமும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைக்கவில்லை.