சாம்பக்காயும் மௌன அஞ்சலியும்

புதுக்கடைச் சந்தையில் இன்று காலை சாம்பக்காயின் பன்னீர் வாசனை மூக்கில் பட்டதும், இப்போது சிமெண்டுக் கல் பாவிக் கிடக்கும் எங்கள் ஊர் நினைவிடம், மறைந்த ஒரு தலைவருடையது, நான் சிறுவனாகப் பார்த்த பச்சைத் தோட்டமாகவே எழுந்து வந்தது: சருகு பெருக்கும் வாரியலின் சீரான சத்தம், நனைந்த செம்மண் பாதை, பின்பக்கம் எங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் காய்த்துத் தொங்கிய சாம்பை மரம்.

ஆண்டுதோறும் அவருடைய நினைவு நாளில் பள்ளியிலிருந்து வரிசையாகப் போவோம். மௌன அஞ்சலி முடிந்ததும் ஒரு மாணவன் மலர்வளையம் வைப்பான். எட்டாம் வகுப்பில் அந்தப் பெருமை என் நண்பன் தங்கராஜுக்குக் கிடைத்தது. எல்லோரும் கண்மூடி நின்ற நேரத்தில் நான் நழுவிப் போய்ச் சாம்பக்காய் பறித்தேன். ஒடிந்த கிளையைக் கண்டு சார் அதட்டியபோது, ஒடித்தது தங்கராஜ் என்று பொய் சொன்னேன். அவன் வாய் திறக்கவில்லை. மலர்வளையம் என் கைக்கு வந்தது.

இன்று ஒரு மாலை வாங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“எனக்க நிக்கர் பையிலயும் ரெண்டு கிடந்துலே மக்கா! நீ என்னக் கண்டுட்டேன்னு நினைச்சுல்லா மிண்டாம நின்னேன்.”

சிரிப்பு அடங்கியபின், “இருந்தாலும் நான் சொன்னது பொய்தானே?” என்றேன்.

“பின்னே? மாலைய இங்க தா.”

வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அவன் முன்னே நடந்தான். வரிசைக்கு ஒரே ஆளாக நான் பின்னால் போனேன்.