காப்புக் கட்டிய புரோகிராம்

சிவகாசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தங்கச்சி கல்யாணப் பத்திரிகையை நானே கம்ப்யூட்டரில் செய்வேன் என்று அடம்பிடித்த ஆள் ராஜபாளையத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். தொண்ணூறுகளின் கடைசி. தமிழில் தட்டச்சு செய்ய நான் எழுத ஆரம்பித்த புரோகிராம் ஒன்று இருந்தது. காசு கிடையாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் கொடுக்கலாம். மலேசியாவிலும் கனடாவிலும் இருந்து முகம் தெரியாத நாலைந்து பேர் திருத்தித் திருத்தி அனுப்பினார்கள். ஓசியில் கொடுப்பதற்கு இம்புட்டுப் பாடா என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

திருத்துகிறவர்கள் பெருகினால் வருகிற வினையும் வந்தது. புரோகிராமின் புதுப் பதிப்பை அவ்வப்போது வெளியிடுவோம். போன வெளியீட்டுக்கு முந்தின நாள் நானே சின்னதாக ஒன்றைத் திருத்தப்போய், உலகத்தில் ஒருவருக்கும் பிரிண்ட் வரவில்லை. வேண்டுமென்றா செய்தேன்? ஆனாலும் அடுத்த வெளியீட்டின் பொறுப்பை எல்லோருமாகச் சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தி. என்னைவிடச் சின்னவள், அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஒரு நாளைக் குறித்து, இனி வெளியீடு முடியும்வரை யாரும் உள்ளே ஒரு எழுத்தைத் தொடக்கூடாது என்று மெயில் போட்டாள். எழுதியதெல்லாம் அழிந்துபோகிற பிழை வந்தால் மட்டும் விலக்கு. மற்றதெல்லாம் அடுத்த வெளியீட்டில். அதுவரை சோதித்துப் பார்ப்பது ஒன்றுதான் எல்லோருக்கும் வேலை.

நல்ல சோதனையாக இருக்கட்டுமே என்று தங்கச்சி பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவள் சென்டருக்குப் போனேன். லேசர் பிரிண்டரும் அங்கேதான் இருந்தது. சொந்தக்காரர் பெயர்களை இரண்டு பத்தியாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் கீழே தாய்மாமன் பெயர் கம்பீரமாக நிற்கும்படி வைத்தேன். திரையில் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. அந்த மிதப்பிலேயே பிரிண்ட் எடுத்து, திரும்பிப் பார்க்காமல் பிரஸ்ஸில் கொடுத்துக் கட்டுக்கட்டாக அடித்து வந்துவிட்டேன்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தானே. அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துச் சுந்தரபாண்டியத்துக்குப் போனார்கள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு கீழிருந்து மேலே வாசித்தார். தாம்பாளத்தைத் தொடவே இல்லை.

பெயர்கள் ஓர் அளவுக்கு மேல் போனால், கடைசிப் பெயர் திரையில் இருக்கும், தாளில் விழாது. அதுதான் பிழை. அம்மா வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தாள். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மணவறைக்கு எப்படிப் போவேன் என்று தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேசாமல் சிவகாசிக்குப் போயிருக்கலாம் என்று அப்பா சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடி அடித்தாலும் இதே புரோகிராமில்தான் என்று குதித்தேன். அன்றைக்கே ஒரு வரியில் திருத்தத்தை எழுதிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். திருத்தம் சரிதான் என்றாள். ஆனால் சேர்க்க மாட்டேன் என்றாள். கடைசிப் பெயர் விழாதது விலக்கு கொடுக்கிற அளவுக்குப் பிழை இல்லையாம். அதிலும், பிரிண்ட் பகுதியில் நான் கை வைக்கிறேன் என்றாலே எல்லோருக்கும் போன வெளியீடுதான் ஞாபகம் வருமாம். இந்த மெஷினில் மட்டுமாவது போட்டு ஒரே ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடு என்று கெஞ்சினேன். வெளியிடப் போகிறதை விட்டுவிட்டு வேறொன்றை ஓட்டினால் அப்புறம் எதைச் சோதித்ததாகச் சொல்வது என்று கேட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தாய்மாமன் பெயர் விடுபடுவதைவிடப் பெரிய பிழை உலகத்தில் உண்டா? கனடாக்காரருக்கு மறந்துபோயிருக்கலாம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்குமா தெரியாது?

நேராக மாமாவிடம் போய், தப்பு என்மேல் இல்லை, ஒரு பிள்ளை திருத்த விடமாட்டேன் என்கிறாள் என்று பழியைத் திருப்பிவிட்டேன். மறுநாள் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சென்டருக்குள் நுழைந்தார். இன்றைக்கு இவள் தீர்ந்தாள் என்று நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தேன்.

அவள் பதறவே இல்லை. மாமாவை உட்காரவைத்து, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஐயா, உங்க ஊர்ப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாச்சுன்னா, பொறவு யாரும் வெளியூர்ல ராத்தங்கலாமா?"

மாமா நிமிர்ந்துவிட்டார். ஊர்க் கோயில் பொங்கல் கமிட்டியில் முக்கியமான ஆள் அவர். காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் தங்கிவிட்டு வந்த சொந்தத் தம்பியோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவர்.

"அதெப்படி தாயி? பெத்த மகனா இருந்தாலும் பொழுது சாய ஊருக்குள்ள வந்துரணும்."

"இதுக்கும் காப்புக் கட்டியாச்சுய்யா. அண்ணந்தான் கை வைக்கணும்னு நிக்காக."

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏலே, காப்புக் கட்டுன பொறவா கை வைக்கப் போனே?"

ஆக, புரோகிராமைத் தொடவும் கூடாது, மாமா பெயர் விழவும் வேண்டும். கடைசிப் பெயர்தானே காணாமல் போகிறது, மாமாவுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தால் அது போய்விடும், இவர் தப்பித்துவிடுவார் என்றாள் அவள். வெறும் புள்ளி வைக்கலாம் என்றேன். தப்பித் தவறி அது விழுந்துவிட்டால், தன் பெயருக்குக் கீழே புள்ளி புள்ளியாக நிற்குமே, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்றார் மாமா. அப்படியானால் விழுந்தாலும் பாதகமில்லாத, விழாவிட்டாலும் சண்டைக்கு வராத ஒரு பெயர் வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மேலே இருந்த என் பெயரை நானே எடுத்துக் கடைசியில் போட்டேன். சொல்லிவைத்தாற்போல் மாமா பெயர் விழுந்தது, என் பெயர் விழவில்லை.

கல்யாணத்தன்று வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற என்னிடம், கூடப்பிறந்தவள் கல்யாணத்தில் அப்படி என்ன கோபம், பத்திரிகையில் பெயரே இல்லையே என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எத்தனை பேருக்குத்தான் காப்புக் கதையைச் சொல்வது? வெளியீடு குறித்த நாளில் போய், எல்லோருக்கும் பிரிண்ட் ஒழுங்காக வந்தது என்ற செய்தியும் அந்த வாரமே வந்திருந்தது. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் மாமா மாலையை எடுத்துக் கொடுக்க, தங்கச்சி குனிந்து வாங்கிக்கொண்டதை, சந்தனக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடிவந்து பார்த்தேன். போனால் போகிறது ஒரு பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

பந்தியில் மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் இலையில் இருந்த லட்டை எடுத்து என் இலையில் வைத்தார்.

"அடுத்து உன் கல்யாணந்தான் மருமவனே. அதுக்குள்ள அந்தக் கடைசிப் பேரு கோளாறைச் சரி பண்ணிரு. அந்தப் பத்திரிகையில விடுறதுக்கு உன் பேரு ஆகாது பாத்துக்க."