உயிரோடு இருப்பதாகச் சொன்ன பச்சை விளக்கு

நான் எழுதிய ஒரு புரோகிராம் பல மாதங்களாகத் தன்னைத்தானே தேடிக் கண்டுபிடித்து, எல்லாம் நலம் என்று எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், கூப்பிட்டார்களே என்று ஒரு கல்லூரிக்குப் போய், கண்காணிப்பு மென்பொருளை எப்படி எழுத வேண்டும் என்று பேசிவிட்டும் வந்தேன். சால்வை போர்த்தினார்கள். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கத் துணிவு வரவில்லை.

ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு தனியார் ரத்த வங்கியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ரத்தப் பைகள் இருக்கும் பெரிய ஃபிரிட்ஜுக்குள் ஒரு சென்சார். குளிர் குறைந்தால் அலறுவதற்கு ஓர் அலாரம் புரோகிராம். அந்த அலாரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க என்னுடைய சின்ன ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது சில வரிக் கட்டளைகள். இருந்தால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் கம்ப்யூட்டர் ஓர் எண் கொடுக்கும். எண் கிடைத்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பழைய மெஷினில் இதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும். அந்த மெஷின் தூசி தின்று செத்தபோது, அதற்குப் பதிலாக டிபன் டப்பா அளவில் ஒரு மலிவான பெட்டி வாங்கினோம். அதில் அந்தக் கட்டளை இல்லை. எல்லா மெஷினிலும் எல்லாம் இருக்கும் என்று எழுதுகிறவன் ஒருநாள் அழுவான் என்று கல்லூரியில் பேசியவனும் நான்தான். அவசரத்தில் வேறு வழி பிடித்தேன். ஓடுகிற எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டச் சொல்லி, அந்த வரிசையில் அலாரத்தின் பெயர் எங்காவது வருகிறதா என்று இன்னொரு கட்டளையைத் தேடச் சொன்னேன்.

தேடுகிற கட்டளையும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதுதானே. தேட வேண்டிய பெயரைக் கையில் பிடித்தபடி அதுவும் அந்த வரிசையில் நிற்கிறது. ஆக, அலாரம் செத்தாலும் பெயர் கிடைத்துவிடும். விளக்கு பச்சை.

ஒரே ஒரு தடவை அலாரத்தை நிறுத்திப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். பெட்டியை ஆயுத பூஜையன்று வைத்தோம். ஃபிரிட்ஜுக்குப் பொறுப்பான அம்மா, பாகூர்ப் பக்கத்துக்காரர், பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் உருட்டி, கற்பூரம் காட்டினார். பச்சை எரிந்தது. "நிறுத்தி ஒரு டெஸ்ட் பண்ணிடறேன்" என்றேன்.

"வாணாம் சார். நல்ல நேரத்துல ஏத்தின வெளக்கு. இன்னிக்கே அணைக்கணுமா?"

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் வேலையைத் தள்ளிப்போட உதவுகிற நம்பிக்கைகளை நான் என்றும் அவமதித்ததில்லை. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஒரு நாள் காலை கரண்ட் போய் வந்தது. ஃபிரிட்ஜின் மோட்டார் திரும்ப ஓடவில்லை. பெட்டி திரும்ப எழுந்தது, அலாரம் எழவில்லை. என் ஸ்கிரிப்ட் மட்டும் எழுந்து, தன்னைக் கண்டுபிடித்து, பச்சை போட்டது. மத்தியானம் அந்த அம்மா ஒரு பை எடுக்கக் கதவைத் திறந்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டார். "சார், வெளக்கு எரியுது. உள்ள குளிரே இல்ல."

உள்ளே இருந்தவற்றில் ஏ நெகட்டிவ் பைகள் இரண்டு. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர், மறுநாள் தன் மனைவிக்கு நடக்கவிருந்த கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக ஏற்பாடு செய்தவை. மனைவிக்கு உதிரப்போக்கு நிற்காமல் உடம்பில் ரத்தமே இல்லை. ஊரிலிருந்து மச்சான்கள் இருவர் பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எத்தனை நேரம் குளிர் இல்லாமல் கிடந்தது என்று யாருக்கும் தெரியாததால் எல்லாப் பைகளையும் அழிக்க வேண்டியதாயிற்று. வேறெங்கும் அந்த ரத்தம் அன்றைக்கு இல்லை. கொடுத்தவர்கள் மூன்று மாதம் ஆகாமல் மறுபடி கொடுக்க முடியாது. ஆபரேஷன் தள்ளிப்போனது.

கணவர் வந்தபோது நான் அங்கே இருந்தேன். சத்தம் போடவில்லை. "அவளாண்ட என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டார். பிறகு போனை எடுத்து தன் ஷிஃப்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராக, "உனக்கு என்ன குரூப்புடா?" என்று விசாரித்தபடி படியிறங்கினார். அந்தக் குரல் கீழே தெரு வரைக்கும் கேட்டது.

அன்றே உட்கார்ந்து திருத்தினேன். அலாரம் எழும்போதே தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் படித்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும். அது மட்டும் போதாது. மறுபடி எழுந்த மெஷின், செத்தவனின் எண்ணைத் தூக்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிடும். அதனால் எண்ணையும் பெயரையும் மட்டும், எந்த மெஷினுக்கும் புரிகிற பொது வடிவத்தில் கேட்டு வாங்கி, இரண்டும் முழுசாகப் பொருந்தினால்தான் பச்சை. கடைசியாக அலாரத்தை என் கையால் கொன்றேன். சிவப்பு வந்தது. அந்த அம்மா பக்கத்தில் நின்று பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அந்தத் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் வேலை செய்யும் ஒருவரும் அவருடைய தங்கையும் ரத்தம் கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் கணவரைப் பார்த்தேன். மனைவி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், வெளுத்த முகம், மடியில் மருந்துப் பை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாய்க்கு விளக்கம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது. எண், பெயர், வரிசை, அந்த வரிசையில் தேடியவனே நின்றது, இனி எந்த மெஷினில் போட்டாலும் இது நடக்காது என்பது வரை சொன்னேன். அவர் டீயை ஆற்றியபடி பொறுமையாகக் கேட்டார். டம்ளரை வைத்தார்.

"அதாவது, அன்னிக்கு யாருமே பாக்கல," என்றார். "அத்தத்தான சார் இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருக்கீங்க?"