சாருக்குச் சொல்லாமல் விட்ட பக்கம்

ஓசூரில் நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், பங்குச் சந்தை என்றால், ஸ்டோர்ஸுக்கும் மேலதிகாரியான பிளானிங் சார்தான். எந்த சாஃப்ட்வேர் கம்பெனி ஏறும், எது விழும் என்று அவர் சொல்வதைக் கேட்க கேன்டீனில் அவர் மேசையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். மதுரையிலிருந்து வந்த புதிதில் நானும் நின்றேன். கல்யாண வளையல்களை விற்று, பெங்களூரில் இருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தேன்.

ஒரு நாள் அவரே என் கவுன்டருக்கு வந்தார்.

"ஏம்மா, அந்தக் கம்பெனிய இன்னும் வெச்சிக்கிட்டா இருக்கிற? என் மச்சான் அங்கதான் வேலை செய்யறான். ஆர்டரே இல்லியாம். இன்னைக்கே வித்துடு."

"கொஞ்ச நாள் பாக்கலாம்னு இருந்தேன் சார்."

"பாத்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் மிஞ்சாது."

மதியமே பர்மிஷன் போட்டு, பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த புரோக்கர் ஆபீசுக்கு ஓடி விற்றேன். மூன்று வாரத்தில் அந்தக் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. விலை இரண்டு மடங்கானது. வயிற்றெரிச்சலோடு மறுபடி அங்கே போனபோது கிளார்க் பெண் சொன்னாள்: "நீங்க வித்த அன்னைக்கே உங்க சார் அதைத்தான் வாங்கினாருங்கக்கா. ஊட்டுக்காரம்மா பேருல."

கேன்டீனில் அவரிடமே கேட்டேன்.

"நான் என்ன உன் கையப் புடிச்சா விக்க வெச்சேன்?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அதன் பிறகு நான் யார் கருத்தையும் கேட்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வணிகப் பத்திரிகை படித்தேன். சிரித்த முகங்கள் ஞாபகத்தில் இருந்ததால் தூக்கம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து வேறொரு டெக்னாலஜி கம்பெனிக்கு ஓப்பன் ஆஃபர் வந்தது. அதைக் கைப்பற்ற நினைத்த பெரிய கம்பெனி, சந்தையைவிடக் கூடுதல் விலைக்குப் பொதுமக்களின் பங்குகளைக் கேட்டது. சார் கிடைத்ததையெல்லாம் வாங்கிக் குவித்தார். "அப்படியே அவங்ககிட்ட குடுத்துட்டா லாபம் கையில" என்று எல்லோரிடமும் சொன்னார்.

என்னிடமும் கொஞ்சம் பங்குகள் இருந்ததால் ஆஃபர் கடிதம் ஒரு புத்தகம் கனத்துக்கு வீட்டுக்கு வந்தது. ஒரு பக்கம் விடாமல் படித்தேன். கம்பெனியின் மொத்தப் பங்குகளில் ஐந்தில் ஒரு பகுதியைத்தான் வாங்குவார்களாம். அதற்கு மேல் வந்தால் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புவார்களாம். விலை உச்சத்தில் இருந்தபோதே என்னுடையதைச் சந்தையில் விற்றேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் உத்தனப்பள்ளிக்காரியையும் காதோடு சொல்லி விற்கவைத்தேன்.

ஆஃபரில் பங்குகளைக் கொடுக்கும் கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது சார் வந்தார்.

"அந்தப் புக்க நீ படிச்சியாமே? எனக்கு எங்க நேரம்! ஏதாவது விசேஷம் இருக்குதா?"

"உங்களுக்குத் தெரியாதது என்ன சார் இருக்கு?" என்றேன்.

அவர் கொடுத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்தது. ஆஃபர் முடிந்ததும் விலை சரிந்தது. முகம் கறுத்து என் கவுன்டருக்கு வந்தார். ஸ்டோர்ஸே வேடிக்கை பார்த்தது.

"தெரிஞ்சே சொல்லாம வுட்டியாம்மா?"

"ஆமா சார். தெரிஞ்சேதான்."

அடுத்த மாதம் என்னை பேக்கிங்குக்கு மாற்றினார். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்யும் வேலை. கால் வீங்கியது. "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று என் வீட்டுக்காரர் கடிந்துகொண்டே தைலம் தேய்த்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.