ஒரு மனுவில் ஒரு காரியம்

ஒரு மனுவில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். பட்டா மாறுதல் கேட்டு, அதே தாளில் ரேஷன் கார்டும் கேட்டு, பக்கத்து வயல்காரர் மேல் புகாரும் எழுதினால், அந்த மனு எந்தப் பிரிவுக்கும் போகாது. 'தனித்தனியே மனுச் செய்யவும்' என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இது அலுவலக நடைமுறை. தருமபுரி மாவட்டத்துத் தாலுகா அலுவலகங்களில் என் உத்தியோக காலம் முழுக்க இந்த விதியை ஈவு இரக்கம் பார்க்காமல் அமல்படுத்தியவன் நான். அப்போது மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள். அதே விதியில் நானே சிக்கிக்கொண்டதையும், இரக்கமுள்ள இறைவன் என்னைக் கைதூக்கி விட்டதையும்தான் சொல்லப் போகிறேன். புகழ் அனைத்தும் அவனுக்கே.

1983இல் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இனி நேரம் பார்த்து ஆகவேண்டியது ஒன்றுமில்லாதவனுக்குக் கடிகாரம் கொடுப்பது அரசாங்க மரபு.

என் மனம் சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்காராது. ஒன்றைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்தது கூப்பிடும். உத்தியோகத்தில் அது வெளியே தெரியவில்லை. காலையில் தபால், எதிரே மனுதாரர், மேலே அதிகாரி, எல்லாவற்றுக்கும் ஒரு கெடு. அந்த வேலிக்குள் நான் நன்றாகவே வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற மறுநாள் வேலி போய்விட்டது. வெகுகாலம் கழித்து, என் பேத்தியைப் பெங்களூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ஒவ்வோர் அறிகுறியாகச் சொல்லச் சொல்ல, என் மனைவி சுபைதா குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். டாக்டர் அதற்கு ஏடிஎச்டி என்று பெயர் சொன்னார். எண்பதுகளில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் கிறுக்கு.

அந்தக் கிறுக்கோடு நான் தொழிலில் இறங்கினேன். முதலில் மெழுகுவர்த்தி. பிறகு ரஸ்க். பிறகு கோழிப்பண்ணை. நடுவில் தகரப் பெட்டி. மழைக்காலம் வரப்போகிறது என்று குடை. எல்லாவற்றுக்கும் முறைப்படி பதிவு, பெயர்ப் பலகை, ரப்பர் ஸ்டாம்பு. ஒரு தாளில்கூடக் குறை சொல்ல முடியாது. உரிமம் கைக்கு வரும்வரை எனக்குத் தூக்கம் வராது. வந்த அன்றே என் ஆசையும் ஓய்வு பெற்றுவிடும். குடைக்குத் துணி வாங்கச் சேலம் போனவன், அங்கே ஒரு கடையில் தகரம் வெட்டும் யந்திரத்தைப் பார்த்துவிட்டு அதைப் பேசி முடித்துத் திரும்பியிருக்கிறேன். துணி வாங்கவில்லை.

நான் ஒருவனாக அலைந்திருந்தால் நஷ்டம் என்னோடு போயிருக்கும். என் ஒரே மகன் இஸ்மாயிலையும் இழுத்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்தான். நல்ல கை அவனுக்கு. "வா, நமக்கென்று ஒரு தொழில் இருக்கட்டும்" என்று எழுதினேன். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நமக்கென்று ஒரு தொழில் என்றுதான் சொல்லியிருந்தேன். வந்து பார்த்தபோது ஐந்து இருந்தன.

1985 தொடக்கத்தில் ஒரு நாள், அதியமான்கோட்டையில் வாடகைக்குப் பிடித்திருந்த கொட்டகையில், குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் விளக்கைப் பார்த்துக்கொள்வதாக அவனிடம் ஏற்றுக்கொண்டேன். நடுவில் மெழுகு வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். போய்விட்டேன். விளக்கு அணைந்தது. திரும்பி வந்தபோது இஸ்மாயில் செத்த குஞ்சுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் பாஸ்போர்ட் மனுவை என்னிடம் நீட்டினான். மனைவி வழி உறவினர் ஒருவர் சவூதியில் வேலைக்கு ஏற்பாடு செய்கிறாராம். பூர்த்தி செய்து கொடுத்தேன். ஒரு பிழை இல்லை. எந்த மனுவும் திரும்பாமல் போய்ச் சேர எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்தவன், தன் மகனை அனுப்பிவைக்கும் மனுவையும் அப்படியே எழுதினேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் சொன்னான்: "அத்தா, உங்ககூட வேலை செய்யறதுக்குப் பயமில்லீங்க. நாளைக்கு எந்தக் கடைக்குப் போறதுன்னு தெரியாம எந்திரிக்கறேன் பாருங்க, அதான் பயமா இருக்குது. ரம்ஜான் வரைக்கும் பாக்கறேன். ஒரே ஒரு தொழிலச் சொல்லுங்க. எதுன்னாலும் சரிங்க. மாறக்கூடாது."

கேட்டது நியாயம். என்னால் சொல்ல முடியவில்லை. மெழுகுவர்த்தி என்று நினைத்தால் ரஸ்க் வந்து நின்றது. ரஸ்க் என்றால் தகரப் பெட்டி. மகன் போய்விடுவான் என்ற பயத்தில்கூட என் மனம் ஒன்றைப் பிடித்து நிற்கவில்லை. ஆண்மகன் அழக்கூடாது என்பார்கள். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்து அழுதேன்.

நமக்கு இஸ்திகாரா தொழுகை இருக்கிறது. ஒரு காரியத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாதபோது இரண்டு ரக்அத் தொழுது, நன்மை எதுவோ அதை எளிதாக்கு, தீமை என்றால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்று இறைவனிடம் ஒப்படைப்பது. அந்த வேண்டுதலில், துஆவில், ஓர் இடம் வரும். அங்கே நம் காரியத்தைச் சொல்ல வேண்டும். தினமும் முற்பகலில் தொழுதேன். நடைமுறையில் குறை வைக்கவில்லை. பதில் இல்லை. கனவு வரும் என்று சிலர் சொன்னார்கள். எனக்கும் வந்தது. கனவில் ஒரு கோழி குடையின் கீழ் நின்றது. அது எந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்ல வந்தது என்று விளங்கவில்லை.

ஒரு நாள் தொழுது முடித்து எழுந்தபோது சுபைதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"என்ன கேட்டீங்க?"

"தொழிலுக்கு வழி."

"அதான், எந்தத் தொழிலு? துஆவுல பேர் சொல்லணும்ல?"

சொன்னேன்: மெழுகுவர்த்தி, ரஸ்க், கோழி, தகரப் பெட்டி, குடை.

முறம் நின்றது. "அஞ்சையும் ஒண்ணா எழுதிக் குடுத்தீங்களா? ஆபீசுல இப்பிடி ஒருத்தன் வந்தா என்ன பண்ணுவீங்க?"

நான் தொப்பியைக் கழற்றி மடித்தேன்.

"திருப்பி அனுப்புவீங்க. மேல இருக்கறவன் உங்கள மாதிரி இல்லீங்க, திருப்பி அனுப்பல. நீங்க ஒண்ணுன்னு சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறான்."

என் உத்தியோக காலத்தில் வந்த எந்த மேலதிகாரியும் என் கோப்பில் அப்படி ஒரு குறிப்பு எழுதியதில்லை.

எதைச் சொல்வது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அன்று காரிமங்கலம் சந்தை. மீந்துபோன மெழுகுவர்த்தியை விற்க இஸ்மாயிலும் நானும் போனோம். புளிக் காலம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரி குடியானவர்களிடம் புளி வாங்கிக்கொண்டிருந்தார். ஓர் அம்மாள் தன் மூட்டையை நிறுக்கவிடாமல் நின்றாள்.

"ஏனுங்க மொதலாளி, தட்டு ரெண்டும் காலியாத்தான் இருக்குது. முள்ளு ஏன் உங்க பக்கமே பாக்குது?"

"தராசு சரியாத்தான் இருக்குது. உம் புளிதான் ஈரம்."

"காலித் தட்டுல எம் புளி எங்க வந்துது?"

கூட்டம் சிரித்தது. வியாபாரியின் முகம் கறுத்தது. பார்த்தால் அவர் ஏமாற்றுகிறவர் இல்லை, தராசுதான் கெட்டிருந்தது. இஸ்மாயில் எழுந்து போனான். கோலின் நடுவில், அது தாங்கி நிற்கும் கத்தி போன்ற விளிம்பில் புளியும் மண்ணும் அப்பி, ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பையிலிருந்து அரத்தை எடுத்து, சுத்தம் செய்து, சீராக ராவினான். முள் நடுவில் வந்து நின்றது. அந்த அம்மாள் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப நிறுங்க" என்றாள். அதற்குள் இன்னும் நாலு பேர் தராசோடு வந்துவிட்டார்கள். கூலி கொடுத்தார்கள். நான் தடுத்தேன். உரிமம் இல்லாதவன் எடைக் கருவியைப் பழுது பார்த்துக் கூலி வாங்கக்கூடாது. பழுது பார்த்த தராசை முத்திரை ஆய்வாளரிடம் காட்டி மறுபடி முத்திரை வாங்க வேண்டும். அதை ஒவ்வொருவருக்கும் விளக்கியபடி சந்தை முழுவதும் நடந்தேன். பொழுது போனதே தெரியவில்லை. மெழுகுவர்த்தி மூட்டை அவிழ்க்கப்படாமலே கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் இஸ்மாயில் விரலில் ஒட்டிய புளியை உரித்துக்கொண்டே தனக்குள் சிரித்தான். அவன் ஊருக்கு வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

மறுநாள் முற்பகல் தொழுதேன். துஆவில் அந்த இடம் வந்தது. நிறுத்தினேன். ஐந்து பெயர்களும் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் சொல்ல நாக்கு வரவில்லை. "தராசு பழுது பார்க்கும் தொழில்" என்று சொன்னேன். அது மட்டும்தான். சொல்லி முடித்ததும் மனதில் ஓர் அமைதி இறங்கியது. அளவையிலும் நிறுவையிலும் குறை வைக்காதே என்று கட்டளையிட்டவனிடம் தராசைப் பற்றிக் கேட்க எனக்கு ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்று வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கோழிக் கொட்டகைக்கு வேறு ஆள் தானாகவே வந்து கேட்டார். தகரம் வெட்டும் யந்திரத்தை விற்றவரே திரும்ப எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கதவாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. அது, இஸ்மாயிலிடம் சொல்லிவிட்டு, தராசு பழுது பார்க்க நான் மனுப் போட்டிருந்த உரிமம்.

குறித்த காலத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். காலம் போனது. நினைவூட்டு அனுப்பினேன். அதற்கு நினைவூட்டு அனுப்பினேன். நேரில் போனேன், பரிசீலனையில் உள்ளது என்றார்கள். அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேரிடம் சொன்னது. ரமலான் பிறந்தது. இஸ்மாயிலின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பயண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நோன்பு வைத்தபடி தினமும் ஒரே காரியத்தைக் கேட்டேன்.

இந்த இடத்தில்தான், சகோதரர்களே, என் சாட்சி இருக்கிறது. அப்போது மாம்பழக் காலம். பொம்மிடி ரயில் நிலையத்தில் மாங்காய்க் கூடை ஏற்றி அனுப்பும் ஏஜென்சி ஒன்றை எடுத்து நடத்தச் சொல்லி ஒரு பழைய நண்பர் வீட்டுக்கே வந்தார். நல்ல ஏற்பாடு. பழைய நானாக இருந்தால் அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பெயர்ப் பலகைக்குச் சொல்லியிருப்பேன். உள்ளே மனம் துள்ளியது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாய், "வேண்டாங்க, ஒரு மனு நிலுவையில இருக்குது" என்றது. அவர் போன பிறகு திரும்பினேன். கதவருகே இஸ்மாயில் நின்றிருந்தான். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

உரிமம் தருவது எந்த அலுவலகமும் செய்யக்கூடிய காரியம், கொஞ்சம் தாமதமானாலும். என்னை ஒரு காரியத்தில் நிற்க வைப்பது இறைவனால் மட்டுமே ஆகும்.

என் மனம் மாறிவிடவில்லை. இன்றும் அலைகிறது. அதற்கு ஏற்ற தொழிலைக் கொடுத்தான், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு சந்தை, அடுத்த நாள் வேறு ஊர்ச் சந்தை. இஸ்மாயில் உட்கார்ந்து அரம் பிடிப்பான். நான் கடை கடையாக அலைந்து, யாருக்கு முத்திரைக் கெடு முடிகிறது, யாருடைய படிக்கல் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பேன். அலைவதே வேலையாகிவிட்டது. அந்த வேலையைப் பல வருடம் செய்தேன்.

உங்களிலும் என் போன்ற மனம் உள்ளவர்கள் இருப்பீர்கள். ஏழு தொழில் தொடங்கி எட்டாவதைப் பற்றி இப்போது யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இறைவனிடம் போங்கள். ஆனால் ஒரு காரியத்தோடு போங்கள். எதைச் சொல்வது என்று தெரியாவிட்டால், முதலில் அதையே கேளுங்கள். அதுவும் ஒரு காரியம்தான். பதில் வரும்வரை இன்னொரு மனு எழுதாதீர்கள்.

ரமலானின் கடைசிப் பத்து நாள். ஜும்ஆ தொழுகைக்குக் குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தபால்காரர் பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினார். இஸ்மாயில்தான் வாங்கிப் பிரித்தான். நின்றபடியே முழுவதும் படித்தான். மடித்து என் கையில் கொடுத்தான். உள்ளே போய் அரத்தை எடுத்துவந்து, துணியால் துடைத்துப் பைக்குள் வைத்தான்.

"நாளைக்கு எந்தச் சந்தைங்க அத்தா?" என்றான்.

சுபைதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பேனாவைத் தேடி எடுத்து, பழைய பழக்கத்தில், உறையின் மூலையில் பெற்ற நாளை எழுதினேன்: 14.6.1985, வெள்ளி.