பேச்சியக்கா தூக்கிய தண்ணீர்

மூன்றாவது பாடவேளை முடியும் நேரம். சத்துணவு சமைக்கும் ராணியம்மா கையில் கரண்டியோடு எங்கள் எட்டாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "சார், பேச்சி பம்புசெட்டுக்கிட்ட விழுந்து கெடக்கா. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்குறா." சார் ஓடினார். எங்களை வெளியே விடவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளி விடுவதற்குள் மதுரை பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

மூன்று வாரம் ஆகிறது. நாளை பள்ளியில் அஞ்சலிக் கூட்டம். மாணவிகள் சார்பில் நான் பேச வேண்டும். தலைமையாசிரியரே அரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'இதய நோயால் காலமானார்' என்று அதில் இருக்கிறது. தண்ணீர் என்ற சொல் எங்கும் இல்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, செல்போன் வெளிச்சத்தில் இதை வேறு தாளில் எழுதுகிறேன். அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான்.

பேச்சியக்கா சமையல் உதவியாளர். சோறு போடுவது, பாத்திரம் கழுவுவது அவர் வேலை. மதியம் பையன்களின் தம்ளர் காலியாகத் திரும்பும். எங்கள் தம்ளரில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருக்கும். எந்த ஆசிரியரும் அதைப் பார்த்ததில்லை. கழுவுகிறவர் பார்த்தார்.

"ஏன்டி, தண்ணியில வேப்பெண்ணெயவா கலந்து வச்சிருக்கேன்?"

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். நான்காவது படிக்கும் என் தங்கை மலர்தான் சொன்னாள். "குடிச்சா ஒண்ணுக்கு வருமேக்கா."

பள்ளியின் போர்க்கிணறு வற்றியதும் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். பள்ளிக்குப் பின்னால் கருவேலங்காடு. அங்கே பகலிலேயே ஆட்கள் உட்கார்ந்து குடிப்பார்கள். அதனால் காலையிலிருந்தே நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. அடக்க முடியாத சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதியிருக்கும்.

மலர் சொன்னதற்கு மறுநாள் பேச்சியக்கா சைக்கிளில் நான்கு பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டில் தண்ணீர் பிடிக்கக் கேட்டிருந்தார். கழிப்பறைச் சாவி அலுவலக அறை ஆணியில் தொங்கியது. "ஏன் சார், ஆணிக்கா அவசரமா வருது? இங்கிட்டுக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். எங்களிடம் வந்து, "குடிங்கடி. போறதுக்கு நான் பாத்துக்கிறேன்" என்றார். கழிப்பறையில் ஒரு செம்புக்கு மேல் ஊற்றியவளை எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லித் திட்டவும் செய்தார். எனக்கும் ஒருமுறை கிடைத்தது. அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

மூன்றாவது படித்த தீபா நின்று நான்கு மாதமாகியிருந்தது. பேச்சியக்கா அவள் வீட்டுக்கே போனார். "புள்ளைய காட்டுப் பக்கம் அனுப்ப மாட்டேன்க்கா" என்றார் தீபாவின் அம்மா. "காட்டுக்கு யாரு அனுப்பச் சொன்னா? நீயே ஒரு தடவ வந்து போயிட்டுப் போ." அவர் நிஜமாகவே வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். வெளியே வந்தவரிடம் பேச்சியக்கா, "என்ன ஆத்தா, பாஸா பெயிலா?" என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் தீபா பையோடு வந்தாள்.

பேச்சியக்காவின் கடைசி நாளில் ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வருவதாக இருந்தது. வழக்கமாகக் காலையில் இரண்டு நடைதான். அன்று மொட்டைமாடித் தொட்டியும் நிரம்ப வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஐந்தாவது நடை முடிந்து பேச்சியக்கா கொடிக்கம்பத்தின் அடியில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக, "போதும்க்கா" என்றேன்.

"குழாயத் தொறந்து பாப்பாகளாம்டி. இன்னும் ரெண்டு நட போயிட்டு வாரேன்."

என் பையில் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஏழாவது நடைக்குப் போனவர் திரும்பவில்லை. அதிகாரியும் அன்று வரவில்லை.

கழிப்பறையை மறுபடி பூட்டிவிட்டார்கள். முதலில் தீபா நின்றாள். பிறகு இரண்டாம் வகுப்பில் இரண்டு பேர். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேலைக்குப் போகும் என் அப்பா நேற்றுச் சொன்னார்: "திங்கக்கெழமையிலருந்து மலரு போக வேணாம். ஆட்டப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

"கக்கூஸத் தொறந்தா அனுப்புவீங்களாப்பா?"

"அனுப்பாம? ஆனா யாரு தொறப்பா?"

நாளைய கூட்டத்துக்கு ஊராட்சித் தலைவர் வருகிறார். கல்வி அலுவலகத்திலிருந்தும் வருகிறார்கள். இதெல்லாம் அவர்கள் காதில் விழுந்தால் ஒருவேளை திறப்பார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் எட்டாவதுக்கு மேல் இல்லை. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளி போக என் டி.சி. தலைமையாசிரியர் கையில் இருக்கிறது. 'கொடுத்ததை மட்டும் படி' என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வருடம் நடந்த பெற்றோர் கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குறை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் டீ கொடுத்துக்கொண்டிருந்த பேச்சியக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக ஒண்ணுக்குப் போகத் தண்ணி இல்ல" என்றார். ஆண்கள் பக்கம் இருந்தவர்கள் சிரித்தார்கள். "நீ பெற்றோர் இல்லையேம்மா, உக்காரு" என்றார் தலைமையாசிரியர்.

"சொல்லிப்புட்டு உக்காருறேன் சார். எம்மக நாலாவதோட நின்னுபோச்சு. படிப்பு ஏறலன்னு நானே நாலு சாத்து சாத்துனேன். இதுக்குத்தான் நின்னுச்சுன்னு அவ வாய்விட்டுச் சொல்ல பத்து வருசமாச்சு."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்தால் மொட்டைமாடிக்குத் தொட்டி வந்தது. அதில் ஏற்றத் தண்ணீருக்கு யாரும் வழி செய்யவில்லை.

சைக்கிளை அவர் மகள் எடுத்துப்போய்விட்டார். குடங்கள் சமையலறை மூலையில் கிடக்கின்றன. நான் வைத்துக்கொள்ள அவருடைய பொருள் எதுவும் இல்லை. ஊரே சிரித்தபோதும், உட்காரச் சொன்னபோதும் அவர் நின்றாரே, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நாளை இந்தத் தாளின் கடைசி வரியை வாசிக்கும்வரை என் கால்களில் அது இருந்தால் போதும்.