முந்தானையில் ஒரு பிடி சர்க்கரை

நான் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மாதந்தோறும் ஒரு பெண் இன்சுலின் வாங்க வருவாள். சிறுவயது முதலே சர்க்கரை நோய். ஒல்லியான உடம்பு. பேசும்போதெல்லாம் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டே இருப்பாள். அதில் என்ன என்று கேட்டேன்.

"சர்க்கர, சிஸ்டர். தூரம் வர்றதுக்கு முன்னாடி சுகர் ஏறிடுது, ஊசி ஜாஸ்தியா போட்டுக்கினு கீறேன். தூரமாயிட்டா திடீர்னு எறங்கிடுது. அந்த மூணு நாளும் பின்னாடி கொட்டாய்லதான் குந்தணும். சர்க்கர டப்பா வூட்டுக்குள்ள கீது. நான் தொடக்கூடாது."

"யாரையாவது கூப்பிட வேண்டியதுதானே?"

"சுகர் எறங்கிட்டா பேச்சே வராது சிஸ்டர்."

தூரமானதும் ஊசி அளவைக் குறைக்கச் சொன்னேன். சர்க்கரை கொட்டிவிடப் போகிறது, முடிச்சை இறுக்கிக் கட்டு என்றும் சொன்னேன்.

அடுத்த மாதம் அவள் கணவன் வந்து மிச்ச இன்சுலினை மேசைமேல் வைத்தான். கொட்டகையில் கிடந்தவளின் விரல்கள் முடிச்சின் மேலேயே விறைத்திருந்தனவாம்.

"அவுக்க முடியல போலக்கீது," என்றான்.

இறுக்கச் சொன்னது யார் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.